ரேம் நிறைந்தால் பயம். பென் டிரைவைப் பிடுங்கப் பயம் இல்லை!

கம்ப்யூட்டரும் செல்போனும் உள்ள வீடுகளில் இரண்டு பழக்கங்கள் பரவி இருக்கின்றன.

ஒன்று, "ரேம் நிறைந்து விட்டது" என்று கண்டதும் பதறுவது. உடனே "கிளீனர்" என்று பெயர் போட்ட எதையாவது ஏற்றுவது. அது துடைத்துக் காட்டியதும் நிம்மதிப் பெருமூச்சு விடுவது.

மற்றொன்று, பென் டிரைவில் படங்களை ஏற்றிய மறு நிமிஷமே அதை வெடுக்கென்று பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வது.

முதல் பழக்கம் வீண் பயம். இரண்டாவது பழக்கம் வீண் தைரியம்!

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். கம்ப்யூட்டர் தன் சரக்கை எப்படி வைத்துக்கொள்கிறது, எப்போது எழுதுகிறது என்பது யாருக்கும் சொல்லப்படவில்லை. இதில் வீட்டில் உள்ளவர்களைக் குறை கூற முடியாது. கம்ப்யூட்டரைச் செய்தவர்கள் சொல்லி இருக்க வேண்டும். அவர்கள் சொல்லவில்லை.

அஞ்சறைப் பெட்டி

கம்ப்யூட்டருக்குள் சரக்கு வைக்க இரண்டு இடங்கள் உண்டு.

ஒன்று சேமிப்புக் கிடங்கு. ஹார்ட் டிஸ்க், எஸ்.எஸ்.டி., பென் டிரைவ், மெமரி கார்டு எல்லாம் இந்த இனம். கரண்ட் போனாலும் இங்கே உள்ளது அழியாது. ஆனால், எடுப்பதற்கு நேரம் ஆகும்.

இன்னொன்று ரேம். மின்னல் வேகம்! ஆனால் கரண்ட் போனால் அதில் உள்ள அத்தனையும் போய் விடும்.

வேகத்தில் எவ்வளவு வித்தியாசம்? சாதாரண ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிஷத்துக்கு 7,200 தடவை சுற்றுகிறது. அதன் மேல் ஒரு சிறு கை நகர்ந்து நகர்ந்து எழுத்தைத் தேடிப் படிக்கிறது. தேடி எடுக்க ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரம் ஆகும். "அவ்வளவுதானா!" என்று தோன்றும். ஆனால் ரேமில் இருந்து எடுக்க ஒரு விநாடியில் கோடியில் ஒரு பங்கு நேரம் போதும். அதாவது, லட்சம் மடங்கு வேகம்.

இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். ரேமில் இருந்து ஒரு பொருளை எடுக்க 1 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், ஹார்ட் டிஸ்க்கில் இருந்து எடுக்க 1 லட்சம் விநாடி ஆகும். ஒரு பகல், ஓர் இரவு கழிந்து, அதற்கு மேலும் 3 மணி நேரத்துக்கு மேல்! எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் தட்டு கிடையாது. அதனால் அது வேகமானது. அதற்கும்கூட இதே கணக்கில் 16 நிமிஷத்துக்கு மேல் பிடிக்கும்.

கடுகு தாளிக்கும்போது யாராவது பரணில் உள்ள பெரிய டப்பாவை ஒவ்வொரு தடவையும் இறக்குவார்களா? அடிக்கடி வேண்டியதை அஞ்சறைப் பெட்டியில் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். அடுப்புப் பக்கத்திலேயே அது இருக்கும்.

கம்ப்யூட்டரும் அதையே செய்கிறது. செய்வது "ஆபரேட்டிங் சிஸ்டம்" என்கிற இயங்குதளம். விண்டோஸ், லினக்ஸ், மேக், செல்போனில் உள்ள ஆண்ட்ராய்டு எல்லாம் இயங்குதளங்கள்தான். வீட்டு நிர்வாகம் முழுவதும் இதன் கையில்.

ஒரு பாட்டு பைலைத் திறந்தால், இயங்குதளம் அதைக் கிடங்கில் இருந்து துண்டு துண்டாக ரேமுக்குக் கொண்டு வருகிறது. பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களில் ஒரு துண்டு 4,096 எழுத்து அளவு. பாட்டு முடிந்து விட்டது. துண்டுகளை எறிந்து விடுகிறதா? இல்லை. "மறுபடி கேட்பார்கள்" என்று ரேமிலேயே வைத்துக்கொள்கிறது. மறுபடி கேட்டால் கிடங்குக்குப் போகாமல் கையில் இருப்பதையே கொடுத்து விடுகிறது.

இதற்குப் பெயர் "கேஷ்". காசு என்று நினைத்து விட வேண்டாம்! பிரெஞ்சு மொழியில் ஒளித்து வைப்பதைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்த பெயர் இது.

அஞ்சறைப் பெட்டிக்கும் இதற்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. டப்பாவில் இருந்து கடுகை எடுத்தால் டப்பாவில் குறையும். கம்ப்யூட்டர் எடுத்து வைப்பது நகல்தான். அசல் கிடங்கிலேயே பத்திரமாக இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். மீதி எல்லாம் எளிதாகப் புரியும்.

வீட்டிலேயே சோதனை

இதை யாரும் வீட்டில் செய்து பார்க்கலாம். கம்ப்யூட்டரைப் போட்டதும் பெரிய மென்பொருள் ஒன்றைத் திறக்க வேண்டும். எவ்வளவு நேரம் ஆகிறது என்று கவனித்துக்கொள்ள வேண்டும். பிறகு மூடி விட்டு, மறுபடி திறக்க வேண்டும். இரண்டாவது தடவை சட்டென்று திறக்கும். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கம்ப்யூட்டரில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

கம்ப்யூட்டரை "ரீஸ்டார்ட்" செய்து விட்டுத் திறந்தால்? மறுபடியும் பழைய மந்தம்தான். ரேமில் இருந்த நகல்கள் அழிந்து விட்டன அல்லவா!

இயங்குதளம் இதோடு நிற்பதில்லை. கேட்காததையும் முன்கூட்டியே கொண்டு வருகிறது. ஒரு பைலை முதலில் இருந்து வரிசையாகப் படிக்கிறார்கள் என்று தெரிந்தால், அடுத்த பகுதியும் வேண்டி இருக்கும் என்று ஊகித்து எடுத்து வைக்கிறது. 2007-ல் கடைகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா இன்னும் ஒரு படி மேலே போனது. இந்த வீட்டார் எந்த மென்பொருளை எப்போது திறப்பார்கள் என்று கவனித்து, அதை முன்னதாகவே ரேமில் ஏற்றி வைத்தது. அதற்குக் கிடைத்த பெயர் என்ன தெரியுமா? "விஸ்டா ரேமைத் தின்கிறது" என்ற கெட்ட பெயர்!

நிறைவு நோய் அல்ல

சரி, ரேம் நிறைந்து விட்டால் புது வேலைக்கு இடம்?

நகலை எறிந்து விட வேண்டியதுதான். அசல்தான் கிடங்கில் இருக்கிறதே! எறிவதற்குக் கண் இமைக்கும் நேரம்கூட வேண்டாம். நெடுநாள் தொடாத நகல் முதலில் போகும். இதில் லினக்ஸ் ஒரு தந்திரம் செய்கிறது. ஒரே ஒரு தடவை கேட்டதை ஒரு வரிசையிலும், திரும்பத் திரும்பக் கேட்டதை இன்னொரு வரிசையிலும் வைக்கிறது. ஒரு தடவை பார்த்து விட்டுப் போகும் 3 மணி நேர சினிமா, தினமும் வேண்டிய பொருள்களை வெளியே தள்ளி விடக் கூடாது அல்லவா? வந்து போகும் விருந்தாளிக்காக வீட்டுக்காரரைத் திண்ணைக்கு அனுப்புவது என்ன நியாயம்!

ஆகவே, கேஷால் நிறைந்த ரேம் என்பது அடைபட்ட ரேம் அல்ல. கேட்ட நொடியில் காலியாகும் ரேம். சொல்லப் போனால், சும்மா காலியாகக் கிடக்கும் ரேம்தான் வீண். காசு கொடுத்து வாங்கிய அலமாரியை வெறுமையாக வைத்திருப்பதில் என்ன பெருமை?

குழப்பம் எங்கிருந்து வந்தது? திரையில் காட்டும் எண்களில் இருந்து வந்தது. "காலி" என்பது ஒன்று. "கிடைக்கக்கூடியது" என்பது வேறொன்று. முதல் எண் மிகச் சிறியதாக இருக்கும். அதைப் பார்த்துத்தான் மக்கள் பயப்படுகிறார்கள். பார்க்க வேண்டியது இரண்டாவது எண். லினக்ஸ் இந்த இரண்டாவது எண்ணைத் தானே கணக்கிட்டுச் சொல்லத் தொடங்கியது 2014-ல்தான். லினக்ஸ் பிறந்தது 1991-ல். 23 ஆண்டுகள் ஆயின, ஒரு சரியான எண்ணைக் காட்டுவதற்கு!

உண்மையிலேயே ரேம் போதாத வீடுகளும் உண்டு. கிடைக்கக்கூடியதும் தீர்ந்து போய், கம்ப்யூட்டர் ஓயாமல் கிடங்குக்கும் ரேமுக்கும் ஓடிக்கொண்டிருந்தால், அப்போது கூடுதல் ரேம் வாங்குவது நியாயம். அது வேறு கதை.

பயத்தை விற்றவர்கள்

பயம் இருக்கும் இடத்தில் வியாபாரம் தானாக வரும்.

1995-ல் அமெரிக்காவில் "சாப்ட்ரேம் 95" என்ற மென்பொருள் விற்பனைக்கு வந்தது. "இதைப் போட்டால் ரேம் இரண்டு மடங்காகும்" என்று விளம்பரம் செய்தார்கள். 6 லட்சத்துக்கும் மேற்பட்டவை விற்றன. அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் விசாரித்தது. விண்டோஸ் 95 உள்ள கம்ப்யூட்டரில் அது ரேமைக் கூட்டவே இல்லை என்று 1996-ல் குற்றம் சாட்டியது!

ரேமைத் துடைப்பதாகச் சொல்லும் மென்பொருள்கள் அதன் பங்காளிகள். இவற்றில் பல, செய்யும் வேலை விசித்திரமானது. "எனக்கு நிறைய ரேம் வேண்டும்" என்று இயங்குதளத்திடம் அடம் பிடிக்கும். இயங்குதளம் வேறு வழி இல்லாமல் பயனுள்ள நகல்களை எறிந்து இடம் கொடுக்கும். மென்பொருள் உடனே அந்த இடத்தை விட்டு விடும். "பாருங்கள், காலி!" என்று பச்சை நிறத்தில் எண் தெரியும். பிறகு பழைய பைல்களைத் திறந்தால் எல்லாம் கிடங்கில் இருந்து மறுபடி வர வேண்டும். நேரமும் போகும். செல்போனாக இருந்தால் பேட்டரியும் போகும்.

அஞ்சறைப் பெட்டியைக் குப்பையில் கவிழ்த்து விட்டு, "சமையல் அறை சுத்தம்" என்று சொல்வது போன்றதுதான் இது.

செல்போன் செட்டிங்கில் "கிளியர் கேஷ்" என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அது இது அல்ல. ஒவ்வொரு செயலியும் கிடங்கிலேயே சேர்த்து வைத்த தற்காலிகப் பொருள்களை அது நீக்குகிறது. கிடங்கில் இடம் இல்லாவிட்டால் அதை அழுத்தலாம். இரண்டு வேறு காரியங்களுக்கு ஒரே பெயர் வைத்து விட்டார்கள். படித்தவர்களே தடுமாறுகிறார்கள்.

இனிமேல்தான் ஆபத்து

இதுவரை சொன்னது, கிடங்கில் இருந்து எடுக்கும் கதை. கிடங்கில் எழுதும் கதை இதற்கு நேர்மாறானது.

திருமணப் படங்களைப் பென் டிரைவில் ஏற்றச் சொன்னால், இயங்குதளம் பல நேரங்களில் உடனே பென் டிரைவில் எழுதுவதில்லை. முதலில் ரேமில் வாங்கி வைத்துக்கொள்கிறது. "முடிந்தது" என்று திரையில் காட்டி விடுகிறது. அதன் பிறகு சாவகாசமாக எழுதுகிறது.

ஏன் இப்படி? அதிலும் நன்மை இருக்கிறது. ஒரே பைலை ஒரு நிமிஷத்தில் பத்து தடவை திருத்தினால், பத்து தடவை எழுதுவானேன்? கடைசியில் ஒரு தடவை எழுதினால் போதுமே! மளிகைக் கடைப் பையன் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு நடை போவதில்லை. ஒரு கூடை சேர்ந்த பிறகுதான் போகிறான்.

சாதாரண லினக்ஸ், 5 விநாடிக்கு ஒரு முறை கண் விழித்துப் பார்க்கும். 30 விநாடிக்கு மேல் காத்திருக்கும் சரக்கை எழுதி அனுப்பும். விண்டோஸ் விநாடிக்கு ஒரு தடவை எழுந்து, காத்திருப்பதில் எட்டில் ஒரு பங்கை எழுதுவது வழக்கம்.

ஆனால், இப்போது ரேமில் இருப்பது நகல் அல்ல! அதுதான் அசல். கிடங்கில் இன்னும் ஒன்றும் இல்லை. அந்த அரை நிமிஷத்தில் கரண்ட் போனால்? பென் டிரைவைப் பிடுங்கினால்? போனது போனதுதான். பைலின் பெயர் இருக்கும். உள்ளே படம் இருக்காது.

பேட்டரி உள்ள லேப்டாப்பில் கரண்ட் போனால் பரவாயில்லை. யு.பி.எஸ். இல்லாத மேசைக் கம்ப்யூட்டருக்குத்தான் கஷ்டம். நல்ல மென்பொருள்கள், சேமிக்கச் சொன்னதும், "இப்போதே கிடங்கில் எழுது" என்று இயங்குதளத்துக்குக் கட்டளை இடுகின்றன. எல்லா மென்பொருளும் இடுவதில்லை. எது இடுகிறது, எது இடவில்லை என்று வீட்டில் உள்ளவர்களுக்கு எப்படித் தெரியும்?

40 ஆண்டு ரகசியம்

இந்த ஆபத்து யாருக்கும் தெரியாமல் போனது அல்ல. அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் "யூனிக்ஸ்" என்ற இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் முதல்வர் கென் தாம்சன். 1978-ல் அவர் எழுதிய கட்டுரையிலேயே இதை ஒளிக்காமல் சொல்லி இருக்கிறார். எழுதுவதைத் தள்ளிப் போடுவதால் வேகம் கிடைக்கிறது; ஆனால் எழுதும்போது தவறு நேர்ந்தால் உரியவருக்குத் தெரிவிக்க முடிவதில்லை; கம்ப்யூட்டர் திடீரென்று நின்றால், முடிந்து விட்டதாகச் சொன்ன வேலை உண்மையில் முடியாமல் கிடக்கும் என்று அவர் கூறினார். அவ்வப்போது எல்லாவற்றையும் எழுதித் தள்ளுவது உதவும், ஆனால் குறை முழுவதும் தீராது என்றும் ஒப்புக்கொண்டார்.

செய்தவரே சொன்னார். வாங்கியவர்களுக்கு யார் சொன்னார்கள்?

1993 மார்ச்சில் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் எம்.எஸ்.டாஸ் 6.0 வந்தது. அதில் இருந்த "ஸ்மார்ட் டிரைவ்" இதே போல ஹார்ட் டிஸ்க்கில் எழுதுவதைத் தள்ளிப் போட்டது. அடுத்த கட்டளைக்கான வரி திரையில் தோன்றி விடும். "வேலை முடிந்தது" என்று மக்கள் சுவிட்சை அணைத்தார்கள். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரை அப்படித்தான் அணைப்பது வழக்கம். ரேமில் காத்திருந்தது அழிந்தது!

அதே ஆண்டு நவம்பரில் 6.2 வந்தது. மாற்றம் மிகச் சிறியது. எழுத வேண்டியதை எல்லாம் எழுதி முடித்த பிறகே அடுத்த வரி தோன்றும்படி செய்தார்கள். அவ்வளவுதான்! மக்கள் தங்கள் பழக்கத்தை மாற்ற வேண்டி இருக்கவில்லை. கம்ப்யூட்டர்தான் தன் பேச்சை மாற்றிக்கொண்டது.

வெளியே செருகும் டிரைவ்களுக்கு இதே நியாயம் வர இன்னும் 25 ஆண்டுகள் ஆயின. 2018-ல் வந்த விண்டோஸ் 10-ன் 1809 என்ற பதிப்பில்தான், பென் டிரைவ் போன்றவற்றுக்கு வேகத்தை விடப் பத்திரமே முக்கியம் என்று மைக்ரோசாப்ட் வழக்கத்தை மாற்றியது. அதிலும் படங்கள் ஏறிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கினால் தப்ப முடியாது. மற்ற இயங்குதளங்களில் பழைய எச்சரிக்கை அப்படியே நிற்கிறது. லினக்ஸில் பச்சைக் கோடு முழுவதும் ஓடி முடித்து விடும். பிறகு "எஜெக்ட்" அழுத்தினால், பல நிமிஷம் காக்க வைக்கும். அந்த நிமிஷங்களில்தான் உண்மையான வேலை நடக்கிறது. அப்படியானால் முதலில் ஓடிய கோடு எதற்கு?

நிபுணர்களும் ஏமாந்தார்கள்

சாதாரண மக்கள் மட்டும் ஏமாறவில்லை. "போஸ்ட்கிரெஸ்" என்பது உலகம் முழுவதும் நிறுவனங்கள் கணக்கு வழக்குகளை வைத்திருக்கும் மென்பொருள். மிகக் கவனமானது என்று பெயர் பெற்றது. முக்கியமான கட்டங்களில் "இப்போதே கிடங்கில் எழுது, எழுதினாயா என்று சொல்" என்று கேட்கும் மென்பொருள் அது.

2018-ல் ஓர் உண்மை வெளியே வந்தது. டிஸ்க்கில் எழுதும்போது தவறு நேர்ந்தால், லினக்ஸ் அதை ஒரு தடவைதான் சொல்லும். சில சமயம் கேட்க வேண்டியவர் காதில் விழாமலே போகும். எழுதப்படாத அந்தத் துண்டை "எழுதி விட்டது" என்று குறித்துக்கொள்ளும். மறுபடி கேட்டால், "எல்லாம் சரி" என்று பதில் வரும்! போஸ்ட்கிரெஸ் சுமார் 20 ஆண்டுகள் அந்தப் பதிலை நம்பி நடந்திருக்கிறது. 2019 பிப்ரவரியில் அதைத் திருத்தினார்கள். இப்போது அப்படி ஒரு தவறு வந்தால், போஸ்ட்கிரெஸ் உடனே வேலையை நிறுத்தி விட்டு, தன் பதிவேட்டில் இருந்து மறுபடி தொடங்குகிறது.

தாம்சன் 1978-ல் சொன்ன குறை இதுவே. 40 ஆண்டு கழித்தும் அது நிபுணர்களைக் கடித்தது என்றால், பள்ளிக்கூடத்துப் பிள்ளையை "பார்த்துப் பிடுங்கக் கூடாதா?" என்று திட்டுவதில் அர்த்தம் உண்டா?

வேகம் யாருக்கு?

"எழுதுவதைத் தள்ளிப் போடாவிட்டால் கம்ப்யூட்டர் நத்தை போல ஊர்ந்து போகும்" என்று பொறியாளர்கள் சொல்வார்கள். உண்மைதான். அதை அடியோடு நிறுத்தச் சொல்வது முட்டாள்தனம். ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் ஓடும் பெரிய கூடங்களில் பேட்டரியும் ஜெனரேட்டரும் நிற்கின்றன. அங்கே வேகத்துக்காகக் கொஞ்சம் துணியலாம்.

வீட்டுக்கு வேண்டியது வேறு. பேரன் பிறந்த படம் பென் டிரைவில் ஏற 10 விநாடி அதிகம் ஆனால் எந்தப் பாட்டியும் கோபிக்கப் போவதில்லை. படம் இல்லை என்றால்தான் கோபிப்பார். தள்ளிப் போடட்டும்; ஆனால் "முடிந்தது" என்று சொல்லாமல் தள்ளிப் போடட்டும். "எழுதிக்கொண்டிருக்கிறேன், இன்னும் 40 விநாடி" என்று சொல்வதற்கு என்ன கஷ்டம்? எவ்வளவு காத்திருக்கிறது என்பது இயங்குதளத்துக்குத் தெரியும். அதைத் திரையில் தமிழில் காட்டுவது பெரிய விஞ்ஞானம் அல்ல.

ரேம் எண்ணும் அப்படியே. "காலி" என்ற எண்ணைத் தூக்கி எறிந்து விட்டு, "கிடைக்கக்கூடியது" என்ற ஒரே எண்ணைக் காட்டினால், கிளீனர் வியாபாரத்தில் பாதி அன்றே படுத்து விடும்.

அதுவரை வீட்டில் உள்ளவர்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான். விண்டோஸில் திரையின் கீழே வலது மூலையில் பென் டிரைவ் படம் இருக்கும். அதை அழுத்தி, "இனி எடுக்கலாம்" என்ற செய்தி வரும்வரை காத்திருக்க வேண்டும். மேக், லினக்ஸில் "எஜெக்ட்". ஆண்ட்ராய்டு போனில் மெமரி கார்டைக் கழற்றும் முன் செட்டிங்கில் உள்ள "எஜெக்ட்" அல்லது "அன்மவுன்ட்". சில பென் டிரைவ்களில் சின்ன விளக்கு இருக்கும். திரை என்ன சொன்னாலும், அது மினுக்கிக்கொண்டிருக்கும்வரை கை வைக்கக் கூடாது. ஜெராக்ஸ் கடையில் அவசரத்தில் பென் டிரைவை உருவிக் கொடுத்தால், "மறுபடி செருகி, படம் திறக்கிறதா என்று காட்டுங்கள்" என்று கேட்டு வாங்கலாம்.